முப்பதுக்கு முப்பது

என் மனைவியின் குரலுக்கு நான் பேசி முடித்த விலை பதினைந்து வாட். அதற்கு மேல் ஒரு வாட்கூடக் கொடுப்பதாக இல்லை. கூடக் கொடுத்தால் சரக்கு கருகிவிடும்.

நான் பிறந்தது துணிக்கடையில். எங்கள் வீட்டில் குழந்தை அழுதால்கூட, எவ்வளவு நேரம் அழப்போகிறது என்று கேட்டுப் பாதியில் பேசி முடித்துவிடுவார்கள். கடை அண்ணன்களுக்குப் போக, என் பங்குக்கு மிஞ்சியது ஸ்க்ரூடிரைவர். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், ஆபரேஷன் தியேட்டர் மெஷின்களைப் பழுது பார்த்து அளவு சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு.

அவளோ மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவள். வெங்காய மூட்டை மேல் ஏறி நின்று ஒரு குரல் கொடுத்தால், சந்தையின் மறுமுனையில் லாரிக்கு அடியில் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவான். மைக் வைத்து ஏலம் விடுகிறவர்களை அவள் மனிதராகவே மதிப்பதில்லை. சந்தையில் அவளுக்கு ஏலக்காரி என்று பேர். வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு சுரப்பியில் பாதியை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. சுரப்பிக்குப் பின்னால் குரலுக்கான நரம்பு ஓடுகிறது, நூல் மாதிரி இருக்கும், அதைத் தொடாமல் எடுக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்.

"எந்த நூல் டாக்டர்?" என்று கேட்டாள் ஏலக்காரி. "துணி தைக்கிற நூலா, சாக்கு தைக்கிற சணலா?"

"துணி தைக்கிற நூல்தான்."

"அப்போ சல்லிசா அறுந்துடும்" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன முழிக்கிறீங்க? வீட்ல நிம்மதின்னு கணக்குப் போடறீங்களா?"

நான் முழித்தது வேறு கணக்கில். அந்த ஆஸ்பத்திரியின் காட்டரி மெஷினைப் பராமரிப்பவன் நான்தான். மின்சாரத்தால் சதையை வெட்டவும், ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கவும் உதவுகிற பெட்டி அது. அதோடு ஒரு சாமணம் உண்டு. சாமணத்தின் இரண்டு முனைக்கும் நடுவில் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் காலால் பெடலை மிதிப்பார். பெட்டி ஒரே சுருதியில் பாடும். பிடித்த இடம் மட்டும் வெந்து ஒட்டிக்கொள்ளும். சூடு அளவோடு இருந்தால் அந்தக் குழாயோடு காரியம் முடிந்தது. கூடிப்போனால் பக்கத்து வீட்டுக்கும் பரவும். இங்கே பக்கத்து வீடு என்பது அந்த நூல்.

இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் கழுத்துக்கும் வயிற்றுக்கும் அந்தப் பெட்டியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் திரும்பப் போய்ப் பார்த்ததில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், யாரும் கூப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். தியேட்டர் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளைக்கு உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன், இன்னிக்கு மெஷின் பார்க்க வந்துட்டீங்க. மத்தவங்க பொண்டாட்டிக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதானே?"

"டெஸ்ட் பண்ற நாள் நெருங்கிடுச்சு சிஸ்டர்."

"நெருங்கும், நெருங்கும்."

சாமணத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், வயரையும் மாற்றினேன். அதில் எல்லாம் குறையில்லை. பிறகு உடம்புக்குப் பதிலாக என் அளவுப் பெட்டியை மாட்டினேன். எத்தனை வாட் வெளியே வருகிறது என்று அது சொல்லும். மெஷினில் முப்பது வைத்துப் பெடலை மிதித்தேன். வந்தது பதினைந்து. இருபது வைத்தேன். பத்து. நாம் என்ன கேட்டாலும் அது சரிபாதிக்குத்தான் படிந்தது, எங்கள் அப்பாவிடம் வந்து மாட்டிக்கொண்ட பழைய வாடிக்கையாளர் மாதிரி.

"சிஸ்டர், இது பாதிதான் குடுக்குது."

"தெரியுமே, அது சோம்பேறி. டாக்டரம்மா வழக்கம்போல வைன்னு சொல்லுவாங்க, நாங்க முப்பது வெப்போம். சரியா இருக்கும். அதோட குணம் எங்களுக்குத் தெரியும், எங்க குணம் அதுக்குத் தெரியும். நீங்க பாட்டுக்கு ஓடற மெஷினை நோண்டாதீங்க."

அன்றைக்கு அந்த அம்மா சொன்னதில் பாதி சரி. பொய் விலையும் பாதி பேரமும் சேர்ந்து ஒரு நியாய விலைக்கு வந்துவிடுகிற கடைகளில்தான் நான் வளர்ந்தேன். கடைக்காரன் முப்பது என்பான், வாங்குகிறவர் பதினைந்து என்பார், இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஆனால் இன்றைக்குப் பாதி கொடுக்கிற மெஷின், நாளைக்கு அவள் கழுத்து திறந்திருக்கும்போது கால்வாசி கொடுத்தால்? ஒன்றுமே கொடுக்காமல் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தால்? பயந்தவனுக்கு மெஷினைச் சும்மா விடக் கை வராது. திறந்தேன்.

உள்ளே இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மூட்டையை ஒருவன் தனியாக இழுத்துக்கொண்டிருந்தான். ஜோடி டிரான்சிஸ்டரில் ஒன்று எப்போதோ செத்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். மெஷினைச் சூடேற விட்டு, அளவைத் திருகித் திருகி ஏற்றினேன். கசிவு மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியாக முப்பது வைத்து மிதித்தேன். முப்பதுக்கு முப்பது. இருபதுக்கு இருபது. பதினைந்துக்குப் பதினைந்து. எடுத்த காரியம் முடிந்த பெருமையில் தேதி போட்ட ஸ்டிக்கரை மெஷினின் முதுகில் ஒட்டினேன். அங்கேதான் ஒட்ட வேண்டும் என்பது வழக்கம். சுவரைத் தவிர அதை யாரும் படிப்பதில்லை.

"சிஸ்டர், இனிமே மெஷின் உண்மை பேசும். முப்பது வெச்சா முப்பது வரும். டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க, பழைய கணக்குல பாதி வெச்சாப் போதும்."

"போர்டுல எழுதிடறேன். காலைல உள்ள வந்ததும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க."

அவர் எழுதுவதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினேன்.

மறுநாள் காலையில் வராந்தாவில் டாக்டரம்மா எதிரே வந்தார். "மெஷினைப் பார்த்தீங்களாமே?" என்றார் நடந்துகொண்டே.

"பார்த்துட்டேன் டாக்டர். தங்கமா இருக்கு."

"சரி" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

ஏலக்காரியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தலைக்குப் பச்சைக் குல்லாய் மாட்டியிருந்தார்கள். தியேட்டர் வாசல் வரைக்கும் கூடவே போனேன்.

"என்னைத் திட்டணும்னு ஏதாவது மிச்சம் இருந்தா இப்பவே திட்டிடு" என்றேன், தைரியமாக இருக்கிற மாதிரி.

"நிறைய இருக்கு. வெளிய வந்து திட்டறேன்."

"சரி, பாக்கி வெச்சுக்கோ."

"வட்டி போட்டு வாங்குவேன்" என்றாள். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே பெஞ்சில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். ஆணி, போல்ட்டு, கம்பி எல்லாம் எடை போட்டு விற்கிற கடை வைத்திருக்கிறான். வாய் அக்காவுக்குத் தப்பாத வாய். சத்தம்தான் கொஞ்சம் குறைவு.

"மாமா, உங்க முகத்தைப் பார்த்தா உங்களுக்கு ஆபரேஷன் மாதிரி இருக்கு."

"சும்மா இரு மாப்ளே."

"சும்மா இருந்தா உங்களுக்கு இன்னும் பயமாகும். ஒரு கதை சொல்றேன், கேளுங்க. நம்ம கடைத் தராசு இருக்குல்ல, அது எப்பவும் கொஞ்சம் அதிகமா காட்டும். நாங்க கடவுளுக்குப் பயந்தவங்க. அதனால எடை போட்டு முடிச்சதும், நம்ம வீட்டுக்காரி ஒரு கைப்பிடி ஆணி எடுத்து மேல போட்டுடுவா. போன மாசம் தராசுக்காரனைக் கூப்பிட்டு அளவைச் சரி பண்ணிட்டேன். கரெக்ட்டா காட்டுது. என்ன பிரயோஜனம்? அவ கை இன்னும் அந்த ஒரு பிடியைப் போட்டுக்கிட்டே இருக்கு. நூறு தடவை சொல்லிட்டேன். தராசு சரியாயிடுச்சு மாமா, கைதான் சரியாகல."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. காலையில் டாக்டரம்மாவிடம் சொன்னது காதில் திரும்பக் கேட்டது.

தங்கமா இருக்கு.

என்ன பேச்சு பேசினேன் நான்? துணி விற்கிறவன் பேச்சு. தங்கம் என்றால் என்ன அளவு? எப்போதும் போல இருக்கிறது என்றுதானே அந்தப் பேச்சுக்கு அர்த்தம். மெஷின்காரனாக இருந்திருந்தால் எண்ணைச் சொல்லியிருப்பேன். பெரிய டாக்டர் எதிரே வந்ததும் கல்லாவில் உட்கார்ந்த நாக்கு முந்திக்கொண்டது. போர்டில் எழுதியிருக்கிறதே, பார்த்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்ட அதே நேரத்தில், வராந்தா முனையில் தியேட்டர் சிஸ்டர் கையில் ஃபைலோடு போவதைப் பார்த்தேன். அவர் அந்தச் சிவப்பு விளக்குக்குப் பின்னால் இருக்க வேண்டியவர்.

ஓடினேன். "சிஸ்டர், நீங்க உள்ள இல்லையா?"

"இன்னிக்குப் பிரசவ வார்டுல ஆள் இல்லைன்னு என்னை அங்க போட்டுட்டாங்க. ஏன்?"

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அதான் போர்டுல எழுதினேனே." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "காலைல கேஸ் லிஸ்ட் எழுதறதுக்கு முன்னாடி போர்டைத் துடைப்பாங்க."

சிஸ்டர் அங்கிருந்த போனை எடுத்துத் தியேட்டருக்கு அடித்தார். அது உள்ளே அடிப்பது கதவு வழியாக எனக்கே கேட்டது. யாரும் எடுக்கவில்லை. கையுறை போட்ட கையால் போனைத் தொட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வார்டு உடையோடு தியேட்டருக்குள் போகக் கூடாது என்று சிஸ்டர் உடை மாற்ற ஓடினார்.

போன் அடித்து ஓய்ந்த பிறகு, வேறொரு சத்தம் கேட்டது. ஒரே சுருதியில், கொசு பாடுவது போல. என் பெட்டி. அந்தச் சுருதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரோ பெடலை மிதித்துவிட்டு எடுத்தார்கள்.

வராந்தாச் சுவரில் மின்சாரப் பெட்டி இருந்தது. எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று உள்ளே சீட்டு ஒட்டியவன் நான். தியேட்டர் சுவிட்சைக் கீழே தள்ளினால் காட்டரி அந்த நொடியே செத்துவிடும். கை அது வரைக்கும் போய்விட்டது. அவளுக்கு மூச்சு கொடுக்கிற மெஷினில் பேட்டரி இருக்கிறது. மேலே தொங்குகிற விளக்கில் இல்லை. கழுத்தைத் திறந்து, கத்தியை உள்ளே வைத்துக்கொண்டு, இருட்டு. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். வேர்வை பிசுபிசுத்தது.

மணியை அழுத்தினேன். கதவு ஒரு சாண் திறந்தது. தியேட்டர் வாசலைக் காக்கிற அம்மா மூக்குக்கு மேல் மாஸ்க்கோடு நின்றார். பல வருஷப் பழக்கம். ஆனால் மெஷின்காரனாக வரும்போது நீலச் சட்டையும் பையுமாக வருவேன். இன்றைக்கு வெள்ளைச் சட்டையில் வெறுங்கையோடு நிற்கிற ஒரு புருஷன்.

"அம்மா, ஒரு நிமிஷம் உள்ள விடுங்க."

"கேஸ் நடக்குது. போய் உட்காருங்க."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"எல்லாப் புருஷனும் இதேதான் சொல்றாங்க. உள்ள விட்டா மயக்கம் போட்டு விழறாங்க. அப்புறம் உங்களுக்கு ஒரு கட்டில் தேடணும்."

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் கதவு மூடிவிடும். கேட்கிற சரக்கு உனக்கு உயிராக இருந்தாலும் அதை முகத்தில் காட்டாதே என்று துணிக்கடையில் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் எங்கள் ஆட்கள். பெரிதாகக் கேட்டு, மறுக்க விட்டு, சின்னதாக முடி. முகத்தை ஒரு மாதிரி நேராக்கிக்கொண்டேன்.

"சரிம்மா, உள்ள வரல. டாக்டரையும் தொந்தரவு பண்ண வேண்டாம். காட்டரி மெஷின்ல வலது பக்கம் நீல எழுத்துல ஒரு நம்பர் எரியும். அது என்னன்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அவ்வளவுதான்."

"நம்பர் மட்டும்தானே?"

"நம்பர் மட்டும்தான்."

ஒரு நம்பருக்கு என்ன வந்தது என்று அவர் உள்ளே போனார். கதவு சாத்தியது. எனக்குப் பின்னால் மாப்பிள்ளை வந்து நின்றது தெரிந்தது.

கதவு திறந்தது.

"முப்பது" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், அவருக்குப் பின்னால் அந்தக் கொசு இன்னொரு முறை பாடியது.

"அம்மா, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. புருஷன் சொன்னான்னு சொல்லாதீங்க, மெஷின்காரன் சொன்னான்னு சொல்லுங்க. நேத்து ரிப்பேர் பண்ணியாச்சு, இப்போ முப்பதுக்கு முப்பது வருது, பாதி வைங்க. இதை அப்படியே சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மாறியது. இந்த முறை கதவை மூட மறந்து ஓடினார். இடுக்கு வழியாக அவர் குரல் கேட்டது: "டாக்டர், மெஷின்காரர் வந்திருக்காரு, முப்பதுக்கு முப்பது வருதாம், பாதி வெக்கச் சொல்றாரு." பிறகு கதவு தானாக மெல்ல வந்து மூடிக்கொண்டது. டாக்டர் என்ன பதில் சொன்னார் என்பது காதில் விழவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பெட்டி பல தடவை பாடியது. முப்பதில் பாடினாலும் பதினைந்தில் பாடினாலும் அதற்கு ஒரே சுருதிதான். வாட்டுக்கு ஒரு ராகம் வைத்துச் செய்திருக்கக் கூடாதா என்று அதைச் செய்தவனைச் சபித்தேன். ஒவ்வொரு தடவையும் என் தொண்டையைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கி அப்படியே பெஞ்சில் வைத்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது குல்லாயைக் கழற்றியிருந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"காலைல தங்கம்னீங்க."

"ஆமா டாக்டர்."

"தங்கம்னா எனக்கு என்ன தெரியும்? நீங்க மெஷின்காரர், ஒரு நம்பர் சொல்லியிருக்கணும். நானும் நின்னு கேட்டிருக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "உட்காருங்க. கட்டி முழுசா வந்துடுச்சு. முப்பதுல ரெண்டு தடவை தொட்டேன். முதல் தொடல் நான் எப்பவும் ஓரத்துல, தசை மேலதான் வெப்பேன். நீங்க துணி எடுக்கும்போது ஓரத்தைக் கசக்கிப் பார்ப்பீங்க இல்லையா, அது மாதிரி. சட்டுனு வெளுத்துச்சு. என்னடா, இந்தச் சோம்பேறிக்கு இன்னிக்கு இவ்வளவு சுறுசுறுப்பான்னு நினைச்சேன். ரெண்டாவது கொஞ்சம் உள்ள. புகை ஜாஸ்தி. காலை எடுத்துட்டு யோசிக்கறேன், உங்க ஆள் வந்து சொல்றாங்க. அதுக்கப்புறம் எல்லாமே பதினஞ்சுதான்."

"நரம்பு டாக்டர்?"

"கண்ணால பார்த்தேன், அறுபடல. ஆனா அந்த ரெண்டாவது இடத்துலேர்ந்து சூடு அது வரைக்கும் போச்சா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாது. அவங்க எழுந்து பேசினாத்தான் தெரியும். தொண்டைக்குள்ள குழாய் போட்டதால ரெண்டு நாள் எப்படியும் கரகரன்னுதான் இருக்கும். அது குழாயா, சூடான்னு உடனே பிரிச்சுச் சொல்ல முடியாது. சூடா இருந்தா சில வாரம் ஆகும், சில மாசமும் ஆகலாம். சிலருக்கு முழுசா வரும்."

மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பது அந்த 'சிலருக்கு' என்ற வார்த்தைக்குள்ளேயே இருந்தது.

சாயங்கால வெயில் ஜன்னலில் இருக்கும்போது அவளுக்கு முழிப்பு வந்தது. கழுத்தில் கட்டு. என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பேச வேண்டாம் என்று சைகை காட்டினேன். என் சைகைக்கு அவள் எந்தக் காலத்தில் மதிப்பு கொடுத்தாள்? விரலை ஆட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள். குனிந்தேன்.

அவள் உதடு அசைந்தது. சந்தையில் விலை படியும்போது மூட்டை மேல் நின்று கடைசியாகக் கூவுகிற அதே வார்த்தைகள். சரக்கைச் சோதித்துப் பார்க்கிறாள்.

"ஒரு தரம்."

வெறும் காற்று. சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த மாதிரி. மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் எச்சிலை விழுங்கினாள். வலித்தது முகத்தில் தெரிந்தது. மறுபடி முயன்றாள்.

"ரெண்டு தரம்."

இந்த முறை காற்றுக்கு நடுவே ஒரு கரகரப்பு இருந்தது. தகரத்தில் ஆணி கீறின மாதிரி, ஆனால் சத்தம். ஏலக்காரியின் சத்தம், பழைய விலையில் பாதிகூட இல்லை.

மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லாரி டிரைவர்களையும் மொத்த வியாபாரிகளையும் நடுங்கவைத்தவள்.

"போதும்" என்றேன். "மிச்சத்தைப் பாக்கி வெச்சுக்கோ."

கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரலால் என் உள்ளங்கையில் ஏதோ எழுதினாள். முதலில் புரியவில்லை. மறுபடி எழுதினாள். வட்டி.

அவள் தூங்கிய பிறகு தியேட்டருக்குப் போனேன். ஸ்டிக்கரை மெஷினின் முதுகிலிருந்து உரித்து, நெற்றியில், நீல எண்ணுக்கு நேர் மேலே ஒட்டினேன். கீழே பேனாவால் பெரிதாக எழுதினேன்: முப்பதுக்கு முப்பது. பிறகு அவள் கட்டிலுக்குத் திரும்பி வந்து, மனசுக்குள் கணக்கை முடித்துப் பார்த்தேன்.

முப்பதில் தொட்டது இரண்டு. பதினைந்தில் தொட்டது மற்றதெல்லாம். வரவு, இரண்டு தரம். மூன்றாவது தரமும், எனக்குச் சேர வேண்டிய திட்டும், அதன் மேல் வட்டியும் பாக்கி.